ஹல் முதல் ஹெர்ன் பே வரை: ஏமி ஜான்சனின் ஊர்களில்

வியாழன், ஹல்

இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக விமானம் ஓட்டிப் போன முதல் பெண் ஏமி ஜான்சன், 1930. பொது அறிவுப் புத்தகங்களில் இந்த ஒரு வரியோடு அவர் கதை முடிந்துவிடும். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. அவர் பிறந்த ஊரில் தொடங்கி, கடைசியாக விழுந்த கடல் வரை போய்ப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. இந்த வாரம் கிளம்பியாயிற்று. துணைக்கு அக்கா மகள் வருகிறாள். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறாள். ஏமியும் அங்கேதான் பட்டம் வாங்கினார், பொருளாதாரத்தில்.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ஹல்லுக்கு நேர் ரயில் உண்டு. கடைசிப் பகுதியில் தண்டவாளம் ஹம்பர் ஆற்றை ஒட்டியே ஓடும். ஆறு என்று பெயர்தான், பார்வைக்குக் கடல். ஸ்டேஷனில் எனக்கு முன்பே வந்து காத்திருந்தாள் பெண். "சித்தி, முதல்ல சிலையா, வீடா?" என்று கேட்டாள். சிலை பக்கம் என்பதால் சிலைக்கே போனோம்.

பிராஸ்பெக்ட் தெருவில், கடைகளுக்கு நடுவில், பறக்கும் உடையில் நிற்கிறார். 1974ல் வைத்த வெள்ளைக் கல் சிலை. மக்கள் பையும் கையுமாக அதைச் சுற்றிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இந்த ஊரின் டெலிபோன் கூண்டுகள் சிவப்பு இல்லை, வெண்மஞ்சள் நிறம். நாடு முழுக்க ஒரே தபால் துறை டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஹல் நகராட்சி தனக்கென்று தனி டெலிபோன் வைத்திருந்தது. தன் வழியில் போகிற ஊர் இது.

பிறந்த வீடு செயின்ட் ஜார்ஜஸ் ரோட்டில், 154ஆம் எண். ஒட்டு ஒட்டாகக் கட்டிய செங்கல் வீடுகளில் ஒன்று. 1903 ஜூலை 1ல் இங்கே பிறந்தார். தாத்தா டென்மார்க்கிலிருந்து வந்து ஹல்லில் குடியேறியவர். அப்பாவுக்கு மீன் வியாபாரம். ஏமி ஆஸ்திரேலியாவுக்கு ஓட்டிப் போன விமானத்தின் பெயர் ஜேசன். கிரேக்கப் புராண வீரனின் பெயராயிற்றே என்று பலரும் நினைப்பார்கள். அது குடும்பத்து மீன் வியாபாரத்தின் வணிகப் பெயர். மகள் உலகத்தின் மறுகோடிக்குப் போனபோது அப்பாவின் சரக்குப் பெயரும் கூடவே போயிருக்கிறது. விமானம் வாங்கப் பாதிப் பணம் போட்டவர் அவர்தான். இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

பட்டம் வாங்கிய பிறகு ஏமி லண்டனுக்குப் போய் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப் அடிக்கும் வேலையில் சேர்ந்தார். பல வருடம் காதலித்த சுவிட்சர்லாந்துக்காரர் 1928ல் வேறொருவரை மணந்துகொண்டார். அந்த வருடமே ஏமி விமானப் பயிற்சியில் சேர்ந்தார். காதல் தோல்விதான் அவரை விமானத்தில் ஏற்றியது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மனசு உடைந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் எத்தனை பேர் இன்ஜினைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொள்கிறார்கள்?

வெள்ளி, ஸ்யூவர்பி

ஹல்லிலிருந்து பிரிட்லிங்டன் முக்கால் மணி நேர ரயில். பக்கத்தில் ஸ்யூவர்பி என்ற கிராமம். கடலைப் பார்த்த மேட்டில் ஒரு பழைய மாளிகை. 1936ல் அந்த மாளிகையைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தவரே ஏமிதான். அவர் இறந்து வெகுகாலம் கழித்து, 1958ல், மகளுக்கு வந்த பரிசுகளையும் பதக்கங்களையும் அப்பா இந்த மாளிகைக்கே கொடுத்துவிட்டார். இப்போது அதற்கென்றே ஓர் அறை இருக்கிறது.

அறை முழுக்கக் கோப்பைகளும் நினைவுப் பொருட்களும். பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு பாரம் ஏறியது. ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கிய நாள் முதல் அந்தப் பெண்ணை ஊர் ஊராகக் கூட்டத்தின் முன்னால் நிறுத்தினார்கள். ஊர் திரும்பியதும் டெய்லி மெயில் பத்திரிகை 10,000 பவுண்டு கொடுத்து, நாடு சுற்றி மேடை ஏற ஒப்பந்தம் போட்டது. கொஞ்ச நாளில் உடம்பும் மனசும் தாங்காமல் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. பாலைவனத்திலும் மழையிலும் அசராதவரை மாலை மரியாதை படுக்க வைத்துவிட்டது.

சிட்னி நகரத்துப் பிள்ளைகள் அவருக்கு ஒரு தங்கக் கோப்பை கொடுத்தார்கள். அதை அவர் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. துணிச்சலான செயல் செய்த ஹல் பிள்ளை ஒருவருக்கு வருடா வருடம் விருது தரும்படி ஊருக்கே கொடுத்துவிட்டார். அவருக்குக் கிடைத்த எல்லாவற்றிலும் அந்தக் கோப்பைதான் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பேன்.

1932ல் ஜிம் மோலிசன் என்ற விமானியை மணந்தார். இருவரும் சேர்ந்தும் பறந்தார்கள், ஒருவர் சாதனையை மற்றவர் முறியடித்தும் பறந்தார்கள். லண்டனிலிருந்து கேப் டவுனுக்குத் தனியாகப் பறந்து கணவரின் நேரத்தை ஏமி முந்தினார். 1933ல் அட்லாண்டிக்கை இருவரும் ஒன்றாகக் கடந்து, அமெரிக்காவில் இறங்குகிற நேரத்தில் விபத்து. 1938ல் மணமுறிவு. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. பத்திரிகைகள் அந்தக் காலத்திலேயே தேவைக்கு மேல் எழுதிவிட்டன.

சனி, லண்டன்

காலையில் எட்ஜ்வேர் பக்கம் ஸ்டாக் லேனுக்குப் போனோம். ஏமி பறக்கக் கற்ற விமானத் திடல் இருந்த இடம். இப்போது வீடுகள்தான். சுற்றியிருக்கிற சில தெருப் பெயர்களில் மட்டும் விமானக் காலம் மிச்சம் இருக்கிறது.

அங்கே லண்டன் ஏரோப்ளேன் கிளப்பில் 1928 செப்டம்பரில் சேர்ந்தார். சட்டென்று வந்துவிடவில்லை. மற்றவர்கள் எடுத்துக்கொண்டதைவிட அதிக நேரம் பயிற்சி எடுத்த பிறகே தனியாகப் பறக்க விட்டார்கள். 1929 ஜூலையில் விமானி உரிமம் கிடைத்தது. நான் சொல்ல வந்த விஷயம் அதற்கடுத்தது. கிளப்பின் தலைமைப் பொறியாளர் ஜாக் ஹம்ஃப்ரீஸிடம் போய், பட்டறை வேலை கற்றுக்கொடுக்கக் கேட்டார். ஆபீஸ் போவதற்கு முன் விடிகாலையில் வந்து, எண்ணெய்க் கறையோடு இன்ஜினுக்கு அடியில் கிடந்தார். பட்டறை ஆட்கள் அவரை 'ஜானி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த வருடக் கடைசியில் தரைப் பொறியாளர் உரிமம் வாங்கினார். பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண் அவர்தான். பறப்பதற்கு உரிமம் வாங்கிய பெண்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். விமானத்தைச் சோதித்து 'இது பறக்கத் தகுதியானது' என்று கையெழுத்துப் போட உரிமம் வாங்கிய பெண் இல்லை.

அப்புறம் சவுத் கென்சிங்டன், அறிவியல் அருங்காட்சியகம். மூன்றாம் மாடியில், மற்ற விமானங்களோடு விமானமாக ஜேசன் தொங்குகிறது. அடர் பச்சை உடம்பு, அதில் வெள்ளி எழுத்தில் ஜி-ஏஏஏஹெச் என்ற பதிவெண். டி ஹாவிலண்ட் கம்பெனியின் ஜிப்ஸி மோத் ரகம். இரண்டாம் கையாக 600 பவுண்டுக்கு வாங்கியது. பாதிப் பணம் அப்பா, பாதி எண்ணெய் வியாபாரி வேக்ஃபீல்ட் பிரபு.

எவ்வளவு சின்னது! கீழே நின்று பார்க்கும்போது இதிலா 11,000 மைல் என்று இருக்கிறது. நான்கு சிலிண்டர், காற்றால் குளிரும் இன்ஜின், 100 குதிரைத்திறன். மரச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் போர்த்திய இறக்கைகள். விமானி உட்காரும் இடத்துக்குக் கூரை கிடையாது. "துணி எப்படிக் காத்தைத் தாங்குது?" என்று கேட்டேன். "துணிமேல டோப்னு ஒரு வார்னிஷ் அடிப்பாங்க சித்தி. அது காயும்போது துணியை இறுக்கிடும், தட்டினா மேளம் மாதிரி சத்தம் வரும்" என்றாள். கிழிந்தால்? "தைச்சு ஒட்டி, மறுபடி டோப் அடிக்கணும். தெரிஞ்சவங்களுக்கு அது பெரிய வேலை இல்ல."

அந்தப் பயணமே கிழிசலும் ஒட்டுமாகத்தான் நடந்தது. 1930 மே 5ல் கிளம்பினார். அதுவரை அவர் பறந்த அதிகபட்சத் தூரம் லண்டனிலிருந்து ஹல். கடலைத் தாண்டியதே இல்லை. கூடுதல் டேங்கிலிருந்து பெட்ரோலைக் கையால் பம்ப் அடித்து மேல் டேங்குக்கு ஏற்ற வேண்டும். அந்த வாடை குமட்டும். பக்கவாட்டில் உபரி ப்ரொப்பெல்லர் ஒன்றைக் கட்டியிருந்தார்.

வியன்னா, கான்ஸ்டான்டினோபிள், அலெப்போ. பாக்தாத் போகும் வழியில் மணற்புயல் விமானத்தைக் கீழே அமுக்கியது. பாலைவனத்தில் இறங்கி, பெட்டிகளைச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, இன்ஜினை மூடி, வால் பகுதியின் மேல் உட்கார்ந்துகொண்டார். கையில் துப்பாக்கி. எங்கோ நாய்கள் குரைத்தன. புயல் ஓய்ந்ததும் மறுபடி கிளப்பிப் பாக்தாத் போனார். இறங்கும்போது சக்கரத் தண்டு உடைந்தது. ராத்திரியோடு சரிசெய்தார்கள். ஆறாம் நாள் கராச்சி. அதற்கு முன் தனியாகப் போய்ச் சாதனை வைத்திருந்த பெர்ட் ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முன்னால். அதுவரை சட்டை செய்யாத உலகம் அங்கேதான் திரும்பிப் பார்த்தது.

அடுத்தது ஜான்சி. எதிர்க்காற்றில் பெட்ரோல் தீர்ந்துவர, ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். இறக்கை அடிபட்டது. ஓர் ஊர்த் தச்சர் அதைச் சரிசெய்து கொடுத்தார். அந்தத் தச்சரின் பெயரும் உலகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அலகாபாத், கல்கத்தா. அதைத் தாண்டியதும் பருவமழை. ரங்கூனில் குதிரைப் பந்தயத் திடலைத் தேடி, மழையில் அது கண்ணில் படாமல், இன்செயினில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி மைதானத்தில் இறங்கினார். விமானம் ஓடிப்போய்ப் பள்ளத்தில் சரிந்தது. இறக்கை கிழிந்தது, ப்ரொப்பெல்லர் உடைந்தது, சக்கரப் பகுதியும் போயிற்று.

எல்லாப் பயணமும் முடிகிற இடம் அது. ஆனால் விழுந்தது ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வாசலில். ஆசிரியர்களும் மாணவர்களும் கைகோத்தார்கள். முதல் உலகப்போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அங்கே கிடைத்தன. அவற்றைப் பிரித்து இறக்கைக்குப் போர்த்தினார்கள். ஊரில் கிடைத்த ரசாயனங்களைக் கலந்து டோப் தயாரித்தார்கள். உபரி ப்ரொப்பெல்லரை மாட்டினார்கள். மே 13ல் விழுந்தவர் 16ல் மறுபடி மேலே.

ஹிங்க்லரின் சாதனை அங்கேயே கைநழுவிவிட்டது. அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. ஜாவாவில் ஒரு கரும்புத் தோட்டத்தருகே இறங்கியபோது மூங்கில் முளைகள் இறக்கையைக் குத்திக் கிழித்தன. காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஓட்டைகளில் ஒட்டிக்கொண்டு பறந்தார். திமோர் கடலின் 500 மைலைத் தாண்டி, மே 24ல் டார்வின்.

அந்தக் காலத்துப் பத்திரிகைகளுக்கு அவர் 'தனியாகப் பறந்த சின்னப் பெண்', அதிர்ஷ்டக்காரி. ஜேசனுக்குக் கீழே நின்று அதை நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. வழிநெடுக உடைந்த ஒவ்வொன்றையும் என்ன செய்ய வேண்டும், எது தாங்கும், எது தாங்காது என்று முடிவெடுக்கத் தெரிந்த ஒரு பொறியாளர் கூடவே பயணம் செய்தார். அந்தப் பொறியாளரும் அவரேதான். 1930களின் நடுவில் பிரிட்டனின் பெண் பொறியாளர்கள் சங்கத்துக்கு அவர் தலைவராக இருந்தார். சிலைகளில் பறக்கும் தொப்பியைப் போடுகிறார்கள். கையில் ஒரு ஸ்பேனரும் கொடுத்திருக்கலாம்.

ஞாயிறு, க்ராய்டன்

பழைய க்ராய்டன் விமான நிலையக் கட்டடத்தின் அருங்காட்சியகத்தை மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் திறக்கிறார்கள். அதை வைத்துத்தான் இந்தப் பயணத்தின் தேதிகளையே முடிவு செய்தேன். பர்லி வே என்ற பெரிய சாலையில், கார் ஷோரூம்களுக்கும் கடைகளுக்கும் நடுவே, 1928ல் திறந்த அந்தக் கட்டடம் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. வாசலில் ஒரு பழைய ஹெரான் விமானத்தைத் தூண்மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். 1959ல் இங்கே கடைசி விமானம் கிளம்பியது. சுற்றிக் காட்டுகிறவர்கள் எல்லாம் தன்னார்வலர்கள். ஒவ்வொரு திருகாணியின் கதையும் தெரிந்தவர்கள்.

1930 மே 5 காலையில் இங்கிருந்து ஏமியை வழியனுப்பியது ஒரு சின்னக் கூட்டம். அப்பா வந்திருந்தார். பெட்ரோல் கனத்தில் முதல் தடவை விமானம் எழும்பவில்லை. திரும்பி வந்து, இரண்டாம் ஓட்டத்தில்தான் மேலே ஏறியது. அதே வருடம் ஆகஸ்டில் அவர் ஊர் திரும்பியபோது இதே திடலிலும் லண்டன் போகும் சாலையிலும் லட்சக்கணக்கில் சனம்.

அந்தத் தேதி வேறு ஒரு காரணத்துக்காகவும் என் மனதில் நின்றது. 1930 மே 5, நள்ளிரவு தாண்டியதும் காந்தியைக் கைது செய்தார்கள். வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய ராஜாஜி அதற்கு ஐந்து நாள் முன்பே, ஏப்ரல் 30ல் கைதாகிவிட்டார். இந்தியா கொதித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் ஏமி கராச்சியிலிருந்து கல்கத்தா வரை பறந்தார். அவர் இறங்கிய இடங்கள் பெரும்பாலும் பேரரசின் ராணுவத் திடல்களும் விமானத் திடல்களும். பேரரசு இல்லாமல் அந்தப் பாதையே இல்லை. அவரைக் கொண்டாடும்போது அதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். ஜான்சியின் தச்சரும் இன்செயின் மாணவர்களும் அந்தப் பேரரசின் குடிமக்கள்தான். ஆனால் அவர்கள் கைகொடுத்தது கண்முன் உடைந்து கிடந்த ஒரு விமானத்துக்கு. இரண்டும் உண்மை.

திங்கள், ஹெர்ன் பே

கென்ட் கடற்கரையில் சின்ன ஊர். இதன் பழைய கடற்பாலத்தை 1978ல் புயல் உடைத்துவிட்டது. பாலத்தின் நுனி மட்டும் கரையோடு தொடர்பில்லாமல் கடலுக்குள் நிற்கிறது. அதற்கும் அப்பால் காற்றாலைகள். கரையோரம் ஏமியின் ஆளுயர வெண்கலச் சிலை, 2016ல் வைத்தது.

இரண்டாம் உலகப்போர் தொடங்கிய பிறகு அவர் விமானப் போக்குவரத்துத் துணைப்படையில் சேர்ந்தார். தொழிற்சாலையிலிருந்து படைத்தளத்துக்கும், ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கும் விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. பெண்கள் பிரிவை நடத்தியவர் அவருடைய சிநேகிதி பாலின் கோவர். உலகப் புகழ் பெற்றவருக்கும் மற்ற எல்லாப் பெண்களுக்கும் ஒரே விதி: ஆண்களின் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சம சம்பளம் 1943ல் வந்தது. அதைப் பார்க்க ஏமி இல்லை.

1941 ஜனவரி 5. ஆக்ஸ்ஃபர்டு ரக இரட்டை இன்ஜின் விமானத்தைப் பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபர்டு அருகே கிட்லிங்டன் தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு மணி நேரச் சொச்சப் பயணம். வானிலை படுமோசம். அந்த விமானங்களில் ரேடியோ கிடையாது. மதியத்துக்குச் சற்று முன் கிளம்பியவர், மூன்றரை மணி வாக்கில், போக வேண்டிய இடத்துக்கு நூறு மைலுக்கு மேல் விலகி, இந்தக் கடலுக்கு மேல் வந்து பாராசூட்டில் குதித்தார்.

அந்தப் பக்கம் போன கப்பல் கூட்டத்தில் ஹேசில்மியர் என்ற கப்பல் அவரை நெருங்கியது. மாலுமிகள் கயிறு வீசினார்கள். உறையும் தண்ணீரில் அவரால் பிடிக்க முடியவில்லை. கப்பலின் பின்பக்கம் போய் மறைந்துவிட்டார். கப்பல் தலைவர் வால்டர் ஃப்ளெட்சர் கடலில் குதித்தார். அவரை மயங்கிய நிலையில் தூக்கினார்கள், பிழைக்கவில்லை. ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை. வயது 37. மிதந்து வந்த பொருட்களில் அவருடைய பையும் காசோலைப் புத்தகமும் இருந்தன.

ரகசிய வேலையாகப் போனார் என்றும், பிரிட்டன் படையினரே சுட்டுவிட்டார்கள் என்றும் கதைகள் உண்டு. தான் சுட்டதாக ஒரு முன்னாள் பீரங்கி வீரர் 1999ல் சொன்னார். எனக்கு அந்த மர்மங்களில் நாட்டமில்லை. மூடிய வானம், ரேடியோ இல்லாத விமானம், தீர்ந்துவரும் பெட்ரோல் என்று பார்த்தாலே போதுமான காரணம் இருக்கிறது. மர்மம் பேசப் பேச, குளிரில் விமானம் கொண்டுபோகிற அந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்பது பேச்சிலிருந்து நழுவிவிடுகிறது.

கல்லறை இல்லாததால் ரன்னிமீடில் உள்ள விமானப்படை நினைவகத்தில் ஏமியின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். ஃப்ளெட்சருக்குக் கல்லறை இருக்கிறது. ஹெர்ன் பேயிலிருந்து லண்டன் போகும் ரயில் பாதையிலேயே கில்லிங்ஹாம் வருகிறது. அங்கே வுட்லண்ட்ஸ் கல்லறைத் தோட்டம். தான் தொடாத ஒரு கைக்காக உயிர் விட்டவருக்கு ஆல்பர்ட் பதக்கம் கொடுத்தார்கள். ஏமிக்காக இவ்வளவு தூரம் வருகிறவர்கள் கில்லிங்ஹாமிலும் இறங்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வெளியே பூ வாங்கிக்கொண்டு நாங்கள் நடந்தே போனோம்.